கஞ்சாக் கடையும் அரசு ஆய்வும்

கலிபோர்னியாவில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடைக்குள் நுழைய அரசு ஆய்வாளர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டியதில்லை. கடை, கிடங்கு, பதிவேடு, கேமராப் பதிவு என எதைக் கேட்டாலும் கேட்டவுடன் காட்ட வேண்டும் என்கின்றன அம்மாநிலக் கஞ்சாக் கட்டுப்பாட்டுத் துறையின் விதிகள். தாமதிப்பதும் தட்டிக்கழிப்பதும்கூட விதிமீறலாகும். ஆகவே இத்தொழிலில் ஆய்வுக்குத் தயாராவதற்கென்று தனி நாள் கிடையாது. கடை நடத்துகிற ஒவ்வொரு நாளும் அந்த வேலை நடந்தாக வேண்டும்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இத்தொழில் சட்டத்துக்குள் வந்த விதம். கொலராடோவில் 2012-இல் மக்கள் வாக்களித்து 2014 ஜனவரி 1-இல் முதல் கடைகள் திறந்தன. கலிபோர்னியாவில் 2016 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்து 2018 ஜனவரி 1-இல் விற்பனை தொடங்கியது. இரண்டு தருணங்களிலும் அமெரிக்கக் கூட்டரசின் சட்டப்படி கஞ்சா தடைசெய்யப்பட்ட பொருளாகவே இருந்தது. 2013 ஆகஸ்டில் கூட்டரசின் நீதித்துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. சிறுவர் கைக்குப் போகக் கூடாது, குற்றக் கும்பல்களுக்கு வருமானமாகக் கூடாது, அனுமதித்த மாநிலத்திலிருந்து அனுமதிக்காத மாநிலத்துக்குக் கடத்தப்படக் கூடாது. இவற்றை உறுதிசெய்யும் மாநிலங்களின் விஷயத்தில் கூட்டரசு பெரும்பாலும் தலையிடாது என்பது அதன் சாரம். 2018 ஜனவரியில் அந்தச் சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் விதையிலிருந்து விற்பனை வரை ஒவ்வொரு கிராமையும் கணக்கில் வைக்கும் கண்காணிப்பு முறை வேரூன்றிவிட்டது. கடைக்காரர் இன்று சுமக்கும் பதிவேட்டுப் பாரத்தில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

இன்னொரு காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. 2019-இல் அமெரிக்காவில் ஆவிக்குழல் (வேப்) பயன்படுத்தியவர்களிடையே கடுமையான நுரையீரல் நோய் பரவியது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டதாகவும் 68 பேர் இறந்ததாகவும் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. கஞ்சா எண்ணெய்க் குப்பிகளில் கலக்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட்டோடு அந்த நோய்க்கு வலுவான தொடர்பு இருப்பது தெரிந்தது. அந்தக் குப்பிகள் பெரும்பாலும் உரிமமில்லாத வழிகளில் வந்தவை. சோதனைச் சான்றிதழ் எங்கே, தொகுதி எண் என்ன என்று ஆய்வாளர் கேட்கும் கேள்விக்குப் பின்னால் இந்த இறப்புகள் இருக்கின்றன. அதை வெறும் காகிதச் சடங்காக நினைக்கும் கடைக்காரர் தம் வாடிக்கையாளரைப் பற்றிக் கவலைப்படாதவர் என்றே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு விளக்கம் தேவை. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாவும் அதன் பிசினான சரஸும் குற்றப் பொருள்கள். பூவும் காயும் சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே இருப்பதால் வடமாநிலங்கள் சிலவற்றில் உரிமம் பெற்ற பாங் கடைகள் உண்டு. இங்கே பேசப்படும் சில்லறைக் கடை முறைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

ஆய்வாளர் பெரும்பாலும் முதலில் கேட்பது காகிதங்களைத்தான். உரிமம் வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். உரிம விண்ணப்பத்தோடு கொடுத்த கட்டட வரைபடமும் கையில் இருக்க வேண்டும், ஏனெனில் ஆய்வாளர் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு சுவர்களைப் பார்ப்பார். இடையில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தாலோ, கிடங்குக்குப் புதிதாக ஒரு கதவு வைத்திருந்தாலோ, கல்லா இருந்த இடம் மாறியிருந்தாலோ அதற்குத் துறையின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்பார். வியாபாரம் பெருகும்போது செய்யும் சின்னச் சின்ன மராமத்துகளில்தான் நல்ல கடைகளும் மாட்டிக்கொள்கின்றன. தச்சர் வருவதற்கு முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

ஊழியர் விஷயமும் காகிதத்தில் தொடங்குகிறது. கலிபோர்னியாவில் 21 வயது நிரம்பாதவரைக் கஞ்சாக் கடை வேலைக்கு வைக்க முடியாது. ஒவ்வொருவரும் படம் ஒட்டிய அடையாள அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மேல் ஊழியர் உள்ள உரிமதாரர், மேற்பார்வையாளர் ஒருவரையும் ஊழியர் ஒருவரையும் 30 மணி நேரத் தொழிற்பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். கிடங்கு போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வெளியாள் வந்தால் ஊழியர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வந்தவர் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்க வந்தவரானாலும் சரி. வணிகப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

இவை எல்லாவற்றையும்விட ஆய்வின் உயிர்நாடி சரக்கிருப்புதான். கொலராடோவும் கலிபோர்னியாவும் மெட்ரிக் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. பண்ணையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பொதிக்கும் 24 எழுத்தும் எண்ணும் சேர்ந்த தனி அடையாளம் கொடுக்கப்படும். அந்த அடையாளத்தின் கீழ் எத்தனை பொட்டலம் வந்தது, எத்தனை விற்றது, எத்தனை மிச்சம் என்பதை அரசு தன் திரையிலேயே பார்க்க முடியும். ஆய்வாளர் அலமாரிக்கு முன் வந்து நிற்கும்போது கணினியில் உள்ள எண் ஏற்கெனவே அவர் கையில் இருக்கும். அலமாரியில் இருப்பது அதோடு ஒத்துப்போகிறதா என்பதே சோதனை.

எண்ணிக்கை எங்கே பிசகுகிறது என்பதை ஒரே பெட்டியைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். மூன்றரை கிராம் உலர்பூப் பொட்டலங்கள் 40 அடங்கிய பெட்டி விநியோகஸ்தரிடமிருந்து வருகிறது. அனுப்புச் சீட்டில் 40 என்று இருக்கிறது. கடையில் கூட்டம். சரக்கு எடுப்பவர் எண்ணிப் பார்க்காமல் கணினியில் ஏற்பு கொடுத்துவிடுகிறார். உள்ளே இருந்தவை 39. அந்த நிமிடத்திலிருந்து கடையின் கணக்கில், உண்மையில் இல்லாத பொட்டலம் ஒன்று குடியிருக்கிறது. மறுநாள் அந்தப் பூவை விற்கும்போது பில் போடுபவர் அவசரத்தில் அதே நிறுவனத்தின் வேறொரு வகையின் குறியீட்டைத் தட்டிவிடுகிறார். இப்போது ஒரு வகையில் குறைவும் இன்னொரு வகையில் மிகுதியுமாகக் கணக்கு இரண்டு பக்கமும் கோணிக்கொள்கிறது. மூன்றாம் நாள் ஒரு பொட்டலத்தின் மூடி உடைந்து ஓரமாக எடுத்து வைக்கப்படுகிறது, யாரும் எழுதவில்லை. நான்காம் நாள் பில் போடும் மென்பொருளுக்கும் மெட்ரிக்குக்கும் இடையில் இணைப்பு அறுந்து மாலை விற்பனை முழுவதும் மேலே ஏறாமல் நிற்கிறது. இந்த நான்கு நாளிலும் திருடர் ஒருவரும் இல்லை. ஆனால் ஐந்தாம் நாள் வரும் ஆய்வாளருக்குத் திருட்டும் கவனக்குறைவும் ஒன்றுபோலவே தெரியும்.

இதற்கு மருந்து எண்ணுவது மட்டும்தான். 30 நாளுக்கு ஒருமுறையாவது இருப்பைக் கணினியோடு ஒப்பிட வேண்டும் என்பது கலிபோர்னிய விதி. விதி சொல்வது குறைந்தபட்சம். மாதம் ஒருமுறை எண்ணுகிற கடையில் பிசகு கண்ணில் படும்போது அது எந்த நாளில், யார் கையில் நேர்ந்தது என்று தேட வழியிருக்காது. அலமாரிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தினமும் ஒரு பகுதியை எண்ணுவதும், வேகமாக விற்கிற சரக்கைத் தினமும் கல்லா அடைக்கும்போதே எண்ணுவதும் நடைமுறையில் பலன் தருகின்றன. சரக்கு இறங்கும்போது ஒருவர் எண்ண, இன்னொருவர் சீட்டைப் படிக்க வேண்டும். விற்பனை அன்றன்றைக்கே மெட்ரிக்கில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே இரவுப் பொறுப்பாளர் கிளம்ப வேண்டும்.

வேறுபாடு தெரிந்தால் அதை மறைக்க எண்ணைத் திருத்துவதுதான் மிகப் பெரிய தவறு. மெட்ரிக்கில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் குறிக்க வேண்டும், அந்தக் காரணங்கள் அரசின் திரையில் வரிசையாகக் கிடக்கும். ‘எண்ணிக்கைப் பிழை’ என்றே வாரம் தவறாமல் எழுதுகிற கடை தானாகவே ஆய்வாளரின் பார்வையை இழுத்துக்கொள்கிறது. இருப்புக்கும் பதிவுக்கும் உள்ள வேறுபாடு மாதச் சராசரி விற்பனையில் 3 சதவீதத்தைத் தொட்டாலோ, திருட்டு நடந்திருந்தாலோ, தெரிந்த 24 மணி நேரத்துக்குள் துறைக்கும் காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். தானாக முன்வந்து தெரிவித்த கடையும், ஆய்வில் பிடிபட்ட கடையும் ஒரே தட்டில் நிறுக்கப்படுவதில்லை.

வாசலில் நடக்கும் வயதுச் சோதனை இதற்கு அடுத்தது. கலிபோர்னியாவில் 21 வயது, மருத்துவப் பரிந்துரை இருந்தால் 18. அடையாள அட்டை பார்க்காமல் விற்பனை இல்லை. காலாவதியான ஓட்டுநர் உரிமமும் செல்பேசியில் எடுத்த படமும் செல்லாது என்று மறுக்கும் துணிவு வாசலில் நிற்பவருக்கு வேண்டும், அவரை ஆதரிக்கும் உறுதி முதலாளிக்கு வேண்டும். வயது குறைந்தவரையே அனுப்பி வாங்கச் சொல்லிச் சோதிக்கும் முறை கொலராடோவில் வழக்கத்தில் உண்டு. வந்தவர் அரசு அனுப்பியவர் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நரைத்த தலை உட்பட எல்லோரிடமும் அட்டை கேட்கும் கடைதான் தப்பிக்கும்.

வயது சரியாக இருந்தாலும் அளவு தப்பக் கூடாது. கலிபோர்னியாவில் வயதுவந்த ஒருவருக்கு ஒரு நாளில் விற்கக்கூடியது 28.5 கிராம் பூ, 8 கிராம் செறிவுப் பொருள். இத்தகைய வரம்பை மீறினால் என்னவாகும் என்பதற்குக் கொலராடோவின் டென்வர் நகரம் பாடமாக நிற்கிறது. அங்கே ஸ்வீட் லீஃப் என்ற கடைத்தொடர் ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே நாளில் ஓர் அவுன்ஸ் ஓர் அவுன்ஸாகப் பலமுறை விற்றது. ஒவ்வொரு பில்லும் தனியாகப் பார்த்தால் வரம்புக்குள்தான் இருந்தது. அப்படி வாங்கிச் சேர்த்த சரக்கு கள்ளச் சந்தைக்குப் போனது. 2017 டிசம்பரில் காவல்துறை சோதனையிட்டது. 2018-இல் நகர நிர்வாகம் உரிமங்களை ரத்து செய்தது. 2019-இல் உரிமையாளர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சட்டத்தின் ஓட்டை என்று நம்பிச் செய்த காரியம் சட்டத்தின் நோக்கத்தில் போய் முட்டியது. பில் மென்பொருள் ஒருவரின் அன்றைய வாங்குதல் முழுவதையும் கூட்டிக் காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கிறதா, கிளைகள் இருந்தால் அவற்றையும் சேர்த்துக் காட்டுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது அதனால் அவசியம்.

கேமரா விஷயத்தில் விதி கறாரான எண்களில் பேசுகிறது. கலிபோர்னியாவில் குறைந்தது 1280-க்கு 720 புள்ளித் துல்லியம், நொடிக்கு 15 படங்கள், 24 மணி நேரப் பதிவு, 90 நாள் சேமிப்பு. கொலராடோவில் 40 நாள் சேமிப்பு. வாசல், கல்லா, கிடங்கு, பதிவுக் கருவி இருக்கும் அறை ஆகிய எல்லாம் படத்தில் வர வேண்டும். கல்லாவில் வாங்குபவர் முகமும் விற்பவர் முகமும் அடையாளம் தெரிய வேண்டும். பலருக்குத் தெரியாமல் நேரும் பிழை ஒன்று இங்கே உண்டு. தொடக்கத்தில் எட்டுக் கேமராவுக்குக் கணக்கிட்டு வாங்கிய சேமிப்புத் தட்டில் பிறகு நான்கு கேமராக்களைச் சேர்த்தால், அதே தட்டு 90 நாளுக்குப் பதிலாக 60 நாளிலேயே நிரம்பிப் பழைய பதிவின்மேல் எழுதத் தொடங்கும். திரையில் எல்லாப் படமும் ஓடிக்கொண்டிருக்கும், குறை தெரியாது. 90 நாள் எல்லைக்குள் வரும் பழைய தேதி ஒன்றைச் சொல்லி அந்தப் பதிவைத் திறந்து காட்டச் சொன்னால் மட்டுமே அது வெளிப்படும். ஆய்வாளர் கேட்பதற்கு முன் கடையே மாதம் ஒருமுறை அப்படித் திறந்து பார்க்க வேண்டும். கண்ணாடி வாசலில் மாலை வெயில் நேராக விழுந்து முகங்கள் கறுத்துப்போகின்றனவா என்பதையும் அந்த நேரத்துப் பதிவைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடியும்.

அலமாரியில் ஆய்வாளர் எடுத்துப் பார்ப்பது லேபிளை. தனி அடையாள எண், தொகுதி எண், நிகர எடை, டிஎச்சி என்ற போதை தரும் வேதிப்பொருளின் அளவு, அரசு எச்சரிக்கை, கஞ்சா கலந்தது என்பதைக் காட்டும் பொதுச் சின்னம், குழந்தைகளால் திறக்க முடியாத மூடி ஆகிய எல்லாம் இருக்க வேண்டும். தின்பண்டங்களில் ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், ஒரு பொட்டலத்துக்கு 100 மில்லிகிராம் டிஎச்சி என்பது உச்சம். லேபிளை அச்சிடுவது உற்பத்தியாளர்தான், ஆனாலும் குறையுள்ள லேபிளை விற்ற பொறுப்பு கடைக்காரருக்கும் வரும். ஆகவே சரக்கு எடுக்கும்போதே பார்த்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். சோதனைச் சான்றிதழைத் தொகுதி எண் வாரியாகக் கோப்பில் வைத்திருப்பது திரும்பப்பெறும் உத்தரவு வரும் நாளில் கைகொடுக்கும். 2024 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் இதழ், உரிமம் பெற்ற கடைகளில் வாங்கிய பொருள்களிலும் பூச்சிமருந்து இருந்ததை அம்பலப்படுத்தியது. சான்றிதழ் இருக்கிறது என்பதோடு கடைக்காரரின் கடமை முடியவில்லை என்பதை அந்தச் செய்தி உணர்த்தியது. ஒரு தொகுதியைத் திரும்பப் பெறச் சொன்னால் மிச்சமிருப்பதைச் சில நிமிடங்களில் ஒதுக்கிவைக்கவும், யாருக்கு எவ்வளவு விற்றது என்று சொல்லவும் முடிய வேண்டும்.

காலாவதியானவை, உடைந்தவை, வாடிக்கையாளர் திருப்பித் தந்தவை, முகர்ந்து பார்க்க வைத்திருந்த மாதிரிகள் எதையும் விற்க முடியாது. பொட்டலத்திலிருந்து பிரித்து, பயன்படுத்தவும் அடையாளம் காணவும் முடியாதபடி சிதைத்து, பூட்டிய கழிவுப் பெட்டியில் போட்டு, அளவை மெட்ரிக்கில் குறிக்க வேண்டும். குப்பைக்குப் போகும் சரக்கு கடத்தலுக்கு எளிய வழி என்பதால் ஆய்வாளர்கள் இதைச் சாதாரணமாக விடுவதில்லை. விளம்பரத்திலும் தடைகள் உண்டு. பார்ப்பவர்களில் 71.6 சதவீதத்தினராவது 21 வயது நிரம்பியவர்கள் என்று ஆதாரத்தோடு எதிர்பார்க்க முடிகிற இடத்தில்தான் விளம்பரம் செய்யலாம். சிறுவரைக் கவரும் படங்கள் கூடாது.

கனடாவில் நோக்கம் அதே, வழி வேறு. 2018 அக்டோபர் 17 முதல் நாடு முழுவதும் கஞ்சா சட்டபூர்வமானதால் மாநில எல்லை தாண்டும் கடத்தல் பற்றிய அச்சம் அங்கே பெரிதாக இல்லை. தமிழர் பெருமளவில் வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2019 ஏப்ரல் 1-இல் தனியார் கடைகள் திறந்தன. மதுவையும் சூதாட்டத்தையும் கவனிக்கும் ஆணையமே கஞ்சாக் கடைகளையும் ஆய்வு செய்கிறது. மாகாண அரசின் நிறுவனம் ஒன்றுதான் மொத்த வியாபாரி. வேறு யாரிடமும் கடைக்காரர் சரக்கு எடுக்க முடியாது. அலமாரியில் அந்த நிறுவனத்தின் பில்லில் இல்லாத பொட்டலம் ஒன்று இருந்தாலே வழக்கு முடிந்தது. வயது வரம்பு 19. ஆனால் 25-க்குக் கீழ் தோன்றும் எவரிடமும் உள்ளே விடுவதற்கு முன்பே அட்டை கேட்க வேண்டும். ஒரு முறை 30 கிராம் உலர்பூவுக்கோ அதற்கு ஈடான வேறு பொருளுக்கோ மேல் விற்கக் கூடாது. கடை இருக்கும் இடம் பள்ளியிலிருந்து 150 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். ஊழியர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்த சான்று கோப்பில் இருக்க வேண்டும். கஞ்சாவோ அதன் உறையோ சிறுவர் கண்ணில் படும்படி வைப்பதைக் கனடாவின் கூட்டரசுச் சட்டமே தடுக்கிறது. எனவே தெருவில் பத்து வயதுப் பிள்ளையின் உயரத்தில் குனிந்து நின்று கடைக்குள் என்ன தெரிகிறது என்று பார்ப்பது அங்கே நல்ல ஒத்திகை.

ஒத்திகை ஆய்வு எந்த ஊரிலும் பயன் தரும், சரியாகச் செய்தால். அந்தக் கடையில் வேலை செய்யாத ஒருவர் செய்ய வேண்டும். கூட்டமுள்ள நேரத்தில், சொல்லாமல் வந்து செய்ய வேண்டும். மேலாளர் விடுப்பில் இருக்கும் நாளில் செய்தால் இன்னும் நல்லது, ஏனெனில் உண்மையான ஆய்வில் அடிக்கடி தடுமாறுவது மேலாளர் இல்லாத கடை. சாவி யாரிடம், கேமராக் கடவுச்சொல் யாருக்குத் தெரியும், கோப்பு எந்த அலமாரியில் என்று பணிமுறைக்கு இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்வாளர் வந்ததும் அவரது அரசு அடையாளத்தைப் பார்த்துப் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்வது முறை. ஒருவர் மட்டும் கூடச் சென்று கேட்டதைக் காட்ட வேண்டும். தெரியாததற்கு ஊகமாகப் பதில் சொல்லக் கூடாது. பார்த்துச் சொல்கிறேன் என்பது மரியாதைக் குறைவான பதில் அல்ல. அவர் எடுத்த படங்கள், வாங்கிய நகல்கள் ஆகியவற்றுக்குக் கடையும் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் பதிவேட்டில் எதையும் புதிதாக எழுதிச் சேர்ப்பது சிறிய குறையைப் பெரிய குற்றமாக்கிவிடும்.

குறை கண்டால் கலிபோர்னியாவில் பெரும்பாலும் முதலில் வருவது திருத்தக் கோரும் அறிவிப்பு. அடுத்த படி அபராத ஆணை. உரிமதாரருக்கு ஒரு மீறலுக்கு 5,000 டாலர் வரை. அதற்கும் மேல் உரிமத்தை நிறுத்திவைப்பதும் ரத்து செய்வதும். ஒன்டாரியோவிலும் பண அபராதம், இடைநிறுத்தம், ரத்து என்ற இதே வரிசை உண்டு. உரிம மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அறிவிப்புக்குப் பதில் எழுதும்போது ‘இனி நடக்காது’ என்ற வாக்குறுதிக்கு மதிப்பில்லை. எது தவறியது, என்று திருத்தப்பட்டது, யார் பொறுப்பு என்பதோடு புதிய பதிவேட்டின் நகலும் சரிசெய்த இடத்தின் படமும் இணைத்து, கொடுத்த கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். மறு ஆய்வில் ஆய்வாளர் கொண்டுவரும் முதல் காகிதம் அந்தப் பதில் கடிதமாகத்தான் இருக்கும்.